சைக்கிளுக்குப் பின்னால் வந்த கோயில்

ஓர்வால் கிராமத்துத் தேவாலயம் மலையை விட்டிறங்கிச் சுகிர்தமலரின் சைக்கிளுக்குப் பின்னால் வரத் தொடங்கியது ஜூன் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை பத்து மணியளவில், மழை விட்டு ரோட்டிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்த நேரத்தில். ஐந்தாவது வளைவில் அவள் பிறேக்கைப் பிடித்தபோது, பின்னால் ஏதோ பெரிய உடம்பொன்று மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். நாற்பது அடி தள்ளி, ரோட்டை முழுக்க அடைத்துக்கொண்டு, எண்ணூறு வருடத்துக் கல்லும் ஸ்லேட் கூரையும் குட்டையான கோபுரமுமாக அது நின்றது.

"நீங்களோ?" என்றாள் சுகிர்தா. வேறென்ன கேட்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

பத்தரைக்கு அவள் கீழே பெர்னூ ஊரில், மதாம் ஒதெத்தின் கட்டிலருகே நிற்க வேண்டும். ஆகவே பிறேக்கை விட்டாள். அதுவும் வந்தது.

பிரான்சின் நடுவயிற்றில், பெரிய ரோட்டும் வேக ரயிலும் தொடாத அந்த மலைநாட்டில், குன்றுக்கொரு கிராமமும் கிராமத்துக்கொரு தேவாலயமும் தேவாலயத்துக்கொரு இரும்புச் சாவியும் சாவிக்கொரு வயதாளியும் இருந்தார்கள். இளம் ஆட்கள்தான் இல்லை. அந்த வயதாளிகளைக் குளிக்கவார்த்து, சூப் சூடாக்கி, குளிசை எடுத்துக் கொடுத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவதற்கு ஒருவரும் கிடைக்கவில்லை என்று நகரசபை விளம்பரம் போட்டபோது, பாரிஸின் புறநகரொன்றிலிருந்து, கணவனைப் பறிகொடுத்து ஒரு வருடமாகியிருந்த, அளவெட்டியில் பிறந்த, ஐம்பத்திரண்டு வயதுச் சுகிர்தமலர் ஒற்றைச் சூட்கேசோடு வந்திறங்கினாள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. நாலு தரம் பரீட்சைக்குப் போய் நாலு தரமும் தவறியிருந்தாள். சைக்கிள் தெரியும். பெற்றோல் கிடையாத யுத்த வருடங்களில் கரியரில் அம்மாவையும் பாரில் தங்கச்சியையும் ஹாண்டிலில் அரிசிப் பையையும் வைத்து உழக்கியவளை ஒரு மலை என்ன செய்துவிடும் என்று நினைத்தாள். மலை செய்தது. முதல் மாதம் முழுக்க ஏற்றத்துக்கு ஏற்றம் இறங்கி நின்று அழுதாள். இரண்டாம் மாதம் மதாம் ஒதெத், செத்துப்போன புருஷனின் நீல நிற றேசிங் சைக்கிளைக் கொட்டிலிலிருந்து எடுப்பித்து, "இதிலே பின்னால இருபத்தெட்டுப் பல்லுச் சில்லு இருக்கு, ஏத்தத்தில லேசாய் உழக்கலாம், நீ அழவே தேவையில்லை" என்று கொடுத்தாள். ஒரு வருடத்துக்குள் சுகிர்தாவின் கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. அந்த மலைநாட்டின் ஏற்ற இறக்கமெல்லாம் அவளுக்கு உடம்பில் எழுதிவைத்ததுபோல் ஆகிவிட்டது.

அன்று காலை ஓர்வாலில் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க வேறிடம் இல்லாமல் தேவாலயத்துக்குள் போனாள். ஓர்வாலில் அப்போது மொத்தமே ஏழுபேர். சாவி வைத்திருந்த எமில் என்பவர் காலையில் கதவைத் திறப்பார், மாலையில் பூட்டுவார், உள்ளே கால் வைக்கமாட்டார். உள்ளே ஈயும் இலையானும் செத்துக் குவிந்திருந்தன. கதிரைகள் யாரோ அவசரமாய் எழும்பிப் போனதுபோல் தாறுமாறாய்க் கிடந்தன. சுகிர்தா சைவக்காரி, காலையில் திருநீறு பூசித்தான் சைக்கிளில் ஏறுவாள். ஆனாலும் மழை விடும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை. மூலையிலிருந்த தும்புத்தடியை எடுத்துக் கூட்டினாள், கதிரைகளை நேராக்கினாள், நனைந்த சொக்ஸைக் கழற்றிப் பிழிந்து போட்டுக்கொண்டாள். மழை விட்டதும், எந்த வீட்டிலிருந்து வெளிக்கிடும்போதும் சொல்கிறமாதிரி, "போயிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டாள்.

நடந்தது அவ்வளவுதான். இதற்குமேல் ஒரு காரணத்தைப் பிற்பாடு யாரும் கண்டுபிடிக்கவில்லை. தேடவும் இல்லை, ஏனென்றால் எல்லோருக்கும் வேறு அலுவல்கள் வந்துவிட்டன.

முதல் அலுவல், அதை எங்கே நிறுத்துவது என்பது. சுகிர்தா மதாம் ஒதெத்தின் வீட்டு வாசலில் சைக்கிளைச் சாத்தியபோது, அந்தக் கோயில், வீட்டின் பக்கத்து வெளியில், வாதுமை மரத்துக்கும் குப்பைத்தொட்டிக்கும் இடையில் மெல்லத் தன்னைச் செருகிக்கொண்டு நின்றது. ஊர் மேயர் கொலெத் ஒரு மாட்டு வைத்தியர். கையில் நீட்டுக் கையுறையோடு யாருடையவோ தொழுவத்திலிருந்து நேரே வந்தாள். கோயிலைச் சுற்றி இரண்டு தரம் நடந்தாள். சுவரில் காதை வைத்துக் கேட்டாள்.

"சுகமாய்த்தான் இருக்கு. எவ்வளவு நேரம் நிக்கும்?" என்று கேட்டாள்.

"நான் பன்னிரண்டரைக்கு வெளிக்கிடுவன், மதாம்" என்றாள் சுகிர்தா. "அதுவரைக்கும் நிக்கும் எண்டு நினைக்கிறன்."

"அப்ப சரி. பன்னிரண்டுக்குக் குப்பை லொறி வரும், அதை நான் மற்றத் தெருவால வரச் சொல்லுறன்."

அப்படித்தான் தொடங்கியது. மின்சாரக் கம்பிகளை உயர்த்தினார்கள். பெர்னூச் சந்தைச் சதுக்கத்தில், சுகிர்தா குடியிருந்த பேக்கரி மாடிக்கு எதிரே, ஆறு கார் நிற்கிற இடத்தில் வெள்ளைக் கோடு போட்டு, 'தேவாலயத்துக்கு மட்டும்' என்று எழுதினார்கள். பழைய கட்டடங்களுக்குப் பொறுப்பான அதிகாரியொருவர் தலைநகரிலிருந்து கோப்போடு வந்தார். இடமாற்றத்துக்கான காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று அரைமணி நேரம் யோசித்தார். பிறகு சுகிர்தாவிடமே கேட்டார்.

"நான் வேலைக்குப் போறன், அது கூட வருது" என்றாள்.

"வேலை நிமித்தம்" என்று எழுதிக் கையெழுத்திட்டுப் போய்விட்டார்.

ஒரு கிழமைக்குள் அந்தப் பள்ளத்தாக்கு அதற்குப் பழகிவிட்டது. மாடுகள் முதல்நாள் வேலியோரம் வரிசையாய் நின்று பார்த்தன, இரண்டாம் நாள் புல்லை மேய்ந்தன. கூரையின் கீழ் கூடு கட்டியிருந்த தகைவிலான்கள் குஞ்சுகளுக்கு இரை தேடிப் போய் வரும்போது கோயில் எந்த ஊரில் நிற்கிறதென்று தெரியாமல் முதலில் தடுமாறின. பிறகு அவையும் சுகிர்தாவின் நேரசூசியைப் பாடமாக்கிக்கொண்டன. ஞாயிற்றுக்கிழமைகளில் இறுக்கமான மஞ்சள் உடுப்போடு வருகிற சைக்கிள் கிளப்காரர்கள்தான் முதலில் அதன் பிரயோசனத்தைக் கண்டுபிடித்தார்கள். முன்காற்றில் கோயிலுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் பாதி உழக்கினால் போதும். எண்ணூறு வருடத்துக் கல் காற்றை அவ்வளவு அழகாக வெட்டிக் கொடுத்தது. பெனின் நாட்டில் பிறந்து அந்த மலைநாட்டின் இருபத்தொன்பது தேவாலயங்களுக்கும் ஒற்றை ஆளாய்ப் பூசை வைத்து, பாதி வாழ்க்கையை ஒரு பழைய காருக்குள் கழித்துக்கொண்டிருந்த பாதிரியார் அனிசே, கோயில் நிற்கிற இடத்தில் பூசை என்று அறிவித்துவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டார். முழங்கால் ஏலாதவர்கள், கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டவர்கள், வருடக்கணக்காய் வெளிவாசல் காணாதவர்கள் எல்லாம் தங்கள் வீட்டுச் சப்பாத்தோடேயே வந்து குந்தினார்கள்.

ஒன்றுதான் அதற்கு ஏலாது: ஏற்றம். சமதரையில் ஓடும், சின்ன மேடென்றால் முக்கிமுனகி ஏறும், ஆனால் ஓர்வால் ரோட்டின் அடிவாரம் வந்ததும் நின்றுவிடும். சுகிர்தா மேலே போய் அங்குள்ளவர்களைப் பார்த்துவிட்டு வரும்வரை, பஸ்ஸில் ஏற்றப்படாத நாயைப்போல, பாலத்தடியில் காத்துக்கொண்டு நிற்கும்.

மகன் ஆரூரன் பாரிஸிலிருந்து ரெலிபோன் எடுத்தான். அவனுக்குக் குழந்தை பிறக்க இருந்தது. அம்மாவுக்கென்று ஒரு அறை ஒதுக்கியிருந்தான்.

"அம்மா, உங்களுக்குப் பின்னால கோயில் ஒண்டு வாற வீடியோவை இஞ்ச எல்லாரும் பாக்கினம். நீங்கள் ஹெல்மெட் போடேல்லை."

"அண்டைக்கு மறந்துபோனன் தம்பி."

"மார்கழிக்குள்ள இஞ்சால வந்திடுங்கோ, என்ன?"

"நான் வந்தா அதுவும் வருமே. உங்கட தெருவில எங்க விடுறது?"

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். ரெலிபோனை வைத்தபிறகு ஜன்னலடியில் நின்று, விளக்கு வைக்கிற நேரத்து வெளிச்சத்தில் சதுக்கத்தில் நின்ற கோயிலைப் பார்த்தாள். வாழ்க்கையில் எத்தனை வீடுகளைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டிருக்கிறாள் என்று நினைத்தாள். அளவெட்டி வீடு, சாவகச்சேரியில் ஒரு தாழ்வாரம், கிளிநொச்சியில் ஒரு கொட்டில், கொழும்பில் ஒரு லொட்ஜ் அறை, பாரிஸில் அவரோடு இருந்த ஒன்பதாம் மாடி. ஒவ்வொன்றையும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள். எல்லாம் நின்ற இடத்திலேயே நின்றன. கூட வருகிறேன் என்று எழும்பி வந்தது இந்த ஒன்றுதான். ஜன்னலைச் சாத்தாமலே படுத்தாள்.

ஜூலை முதல் கிழமை எமில் டிராக்டரில் வந்தார். எண்பத்துமூன்று வயது. டிராக்டரைச் சதுக்கத்தின் நடுவில் நிறுத்தி, இரும்புச் சாவியைக் கையில் ஏந்திக்கொண்டு, சுகிர்தாவைத் தேடி மதாம் ஒதெத்தின் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"எங்கட கோயிலைக் களவெடுத்தது நீங்களோ?"

"நான் எடுக்கேல்லை, முசியூ. அதுவாய் வந்தது."

"மேலே என்ன இருக்கு எண்டு தெரியுமோ? ஒரு பெரிய மண் சதுரம். அதைச் சுத்திவர எங்கட சவக்காலை. கோயில் இருந்தமட்டும் வடகாத்து அந்தக் கல்லறைகளில படாது. இப்ப நேரே அடிக்குது. என்ர மனுசி அங்க கிடக்கிறாள். பதினொரு வருசமாய் ஒரு நாள் அவளுக்குக் காத்து அடிச்சதில்லை."

காற்று அடிக்கிறதென்றால் அடிக்கிறதுதான். அதற்குச் சமாதானம் இல்லை. "வாங்கோ" என்று மட்டும் சொல்லி அவரை உள்ளறைக்குக் கூட்டிப் போனாள்.

மதாம் ஒதெத் ஓர்வாலில் பிறந்தவள். அந்தக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்று, அந்தக் கோயிலில் கலியாணம் கட்டி, அதற்கப்பால் பள்ளத்தாக்குக்கு இறங்கிவந்தவள். ஈரலில் வந்த வருத்தம் அவளை அந்தக் கட்டிலில் போட்டு ஏழு மாதமாகிவிட்டது. இலை விழுகிற காலத்தைத் தாண்டமாட்டாள் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அவளுடைய படுக்கையறை ஜன்னலுக்கு நேரெதிரே, கையை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், கோயிலின் பக்கச் சுவரில் ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னல் வந்து நின்றது. பதினொரு மணி வெயில் ஒருபக்கத்தால் புகுந்து மறுபக்கத்தால் வந்து அவளுடைய வெள்ளைப் போர்வையில் நீலமும் சிவப்புமாய்க் கொட்டிக் கிடந்தது. ஒதெத் அந்த நிறத்துக்குள் கையை வைத்துக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எமில்?" என்றாள். "நீ இன்னும் சாகேல்லையா?"

"நேரம் கிடைக்கேல்லை" என்றார் எமில். அவர்கள் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"எங்கட கண்ணாடியைப் பார். அந்த நீலத்தைப் பார். சின்னனில பூசை முழுக்க நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தனான், ஒரு செபமும் சொன்னதில்லை."

எமில் பார்த்தார். போர்வையைப் பார்த்தார், கையைப் பார்த்தார், கோயிலின் சுவரைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் சாவியை விரல்களுக்குள் உருட்டிக்கொண்டிருந்துவிட்டு வெளியே வந்தார். வாசலில் சுகிர்தாவிடம் மெதுவாகச் சொன்னார்:

"அவள் இருக்குமட்டும் இருக்கட்டும். ஆனால் நவம்பர் முதலாம் திகதி, சகல புனிதர் திருநாளுக்கு, எல்லாரும் கல்லறைக்குப் பூ கொண்டு வாற நாளுக்கு, அது மேல நிக்க வேணும். எனக்கு வாக்குத் தாங்கோ."

"தாறன்" என்றாள் சுகிர்தா. எப்படி ஏற்றுவதென்று அவளுக்கு ஒரு யோசனையும் இல்லை.

ஒதெத் செப்டெம்பர் கடைசியில், ஒரு காலை நேரத்தில், சுகிர்தா சீப்பால் அவளுடைய தலையை இழுத்துக்கொண்டிருந்தபோதே போய்விட்டாள். நிறம் போர்வையில் இருந்தது. சுகிர்தா சீப்பை வைத்துவிட்டு, இரண்டு ஜன்னல்களையும் அகலத் திறந்துவிட்டாள். பூசைக்குப் பெட்டியை வாகனத்தில் ஏற்ற வேண்டியிருக்கவில்லை. நாலு பேர் படலைக்கு வெளியே பன்னிரண்டு எட்டு வைத்துத் தூக்கினார்கள், கோயில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. அனிசே பாதிரியார் அந்தப் பூசையில் அழுதார். சுகிர்தா அழவில்லை, வெளியே வந்து, நீலச் சைக்கிளின் சீற்றில் நெற்றியை வைத்துக்கொண்டு கன நேரம் நின்றாள். பின்னேரம் பெட்டியை மேலே ஓர்வால் சவக்காலைக்கு ஏற்றிக்கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.

ஒக்டோபரில் கோயிலிலிருந்து கல் விழத் தொடங்கியது. முதலில் ஓட்டுத் துண்டு, பிறகு தூணின் தலையிலிருந்த ஒரு குருவிச் சிற்பம், பிறகு கோபுரத்திலிருந்து தலையணை அளவில் ஒரு கல். கல் விழுந்த இடமெல்லாம் ஆட்கள் பொறுக்கி, எந்த வளைவில் விழுந்ததென்று சோக்கால் எழுதிச் சதுக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். மேயர் கொலெத் சுவரில் காதை வைத்துக் கேட்டாள். இந்த முறை முகம் இறுகியது.

"களைச்சுப் போச்சு. உறைபனி விழுறதுக்கு முன்னம் அதின்ர பழைய நிலத்தில இருத்தாட்டி வெடிச்சுப்போடும்."

"அது ஏத்தத்தில வராதே" என்றாள் சுகிர்தா.

அப்போது சைக்கிள் கிளப்காரர்களில் ஒருவர், ஊர்த் தபால்காரர், தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "கோடை முழுக்க அது எங்களுக்குக் காத்தை வெட்டித் தந்தது. இப்ப நாங்கள் அதுக்கு வெட்டிக் குடுக்கலாமே?"

நவம்பர் முதலாம் திகதி காலை எட்டு மணிக்கு, பாலத்தடியில், மஞ்சள் உடுப்புக்காரர் நாற்பது பேர் கூடினார்கள். கடன்வாங்கின சைக்கிளொன்றில் நீட்டு அங்கியை இடுப்பில் சொருகிக்கொண்டு அனிசே பாதிரியார் வந்தார். சைக்கிள் ஓடத் தெரியாதவர்கள் செவ்வந்திப் பூத்தொட்டிகளை அணைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் நடந்தார்கள். விழுந்த கற்களை ஏற்றிக்கொண்டு ஒரு பால் லொறி பின்னால் வந்தது. முன்னால் ஒவ்வொரு வரிசையாய் மாறி மாறிக் காற்றை முகத்தில் வாங்கி, வாங்கினவர்கள் களைத்து ஓரம் ஒதுங்க அடுத்த வரிசை முன்னேறி, அதற்குப் பின்னால் சுகிர்தா ஒருத்தியாய் மிகச் சின்னக் கியரில் உழக்க, அவளுக்குப் பின்னால் கோயில், ஒன்பது கிலோமீற்றர் ஏற்றத்தை, பதினான்கு வளைவுகளை, முனகலும் கரகரப்புமாக ஏறத் தொடங்கியது. சுகிர்தா திரும்பிப் பார்க்கவே இல்லை. பின்னால் வருகிற மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டு அதற்கேற்ப உழக்கினாள். அது இளைத்தால் மெதுவானாள், தேறினால் கொஞ்சம் கூட்டினாள், கட்டிலிலிருந்து குளியலறைக்கு நோயாளிகளைக் கைபிடித்துக் கூட்டிப்போகிறபோது செய்கிறமாதிரியே.

பதின்மூன்றாவது வளைவில் அது நின்றுவிட்டது.

மேலே ஓர்வாலின் முதல் கூரை தெரிந்தது. முந்நூறு மீற்றர்கூட இல்லை. ஆனால் அந்த மலையிலேயே மோசமான குத்தேற்றம் அதுதான். றேசிங்காரர்களே எழும்பி நின்று உழக்குகிற இடம். கோயில் நடுங்கியது. மணி தானாக அசைந்து ஒருமுறை, மங்கலாக, அடித்தது. பிறகு ஒரு அடி பின்னால் வழுகியது. பூத்தொட்டியோடு வந்த பெண்ணொருத்தி கத்தினாள்.

சுகிர்தா சைக்கிளைப் புல்லில் போட்டுவிட்டு ஓடி, இரண்டு கையையும் சுவரில் வைத்து முட்டுக்கொடுத்தாள். கல் சுட்டது, காய்ச்சல்காரரின் முதுகு மாதிரி. அவளைப் பார்த்து மஞ்சள் உடுப்புக்காரர்கள் வந்தார்கள். மேயர் வந்தாள். பாதிரியார் வந்தார். பூத்தொட்டிகளை ரோட்டோரம் வைத்துவிட்டு எல்லோரும் வந்தார்கள். அத்தனை கையும் போதவில்லை; வழுகாமல் நின்றது, ஏறவில்லை.

மேலேயிருந்து பொல்லூன்றிக்கொண்டு எமில் இறங்கி வந்தார். காலையிலிருந்து அங்கே தனியாக நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஆட்கள் விலகி வழிவிட, அவர் நேரே சுகிர்தாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கையை உயர்த்தினார், வைக்கவில்லை.

"மனுசியின்ர பெட்டியை வெளியில எடுத்தபிறகு நான் இதைத் தொடேல்லை" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிறமாதிரி. "கதவை மட்டும்தான். சாவியால."

"எனக்குத் தெரியும், முசியூ எமில்."

"இதில எனக்குக் கோவம்."

"அது பரவாயில்லை. கோவத்தோடயே வையுங்கோ."

வைத்தார். உள்ளங்கை முழுவதையும், பிறகு நெற்றியையும். பதினொரு வருடத்துக்கு அவர் என்னவெல்லாம் சேர்த்து வைத்திருந்தாரோ அதையெல்லாம் மெதுவாய், உதடு அசைய, அந்தச் சுவருக்குள் சொன்னார். ஒருவரும் காது கொடுக்கவில்லை. சொல்லி முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி, வா, இன்னும் கொஞ்சம்தான்" என்று தள்ளியபோது கோயில் அசைந்தது.

மேலே போய், மண் சதுரத்தின்மேல் ஒரு தரம் சுற்றி, கோழி முட்டைமேல் உட்காருவதுபோல் மெல்லமெல்ல அமர்ந்தது. சரியாக அமரவில்லை, கொஞ்சம் கோணலாக, முன்பு மேற்கே பார்த்த வாசல் இப்போது ரோட்டைப் பார்க்கிறமாதிரி அமர்ந்தது. கோபுரமும் ஒருபக்கம் சாய்ந்துவிட்டது. ஆனால் வடகாற்று நின்றுவிட்டது. செவ்வந்திகள் ஒன்றும் அசையவில்லை. ஆட்கள் தங்கள் தங்கள் கல்லறைகளைத் தேடிப் போனார்கள். தன்னுடையவர்கள் யாரும் அங்கே இல்லாத சுகிர்தா வாளியில் தண்ணீர் எடுத்து, ஒதெத்தின் புதுக் கல்லைக் கழுவினாள்.

அடுத்தநாள் வேலைநாள். அங்கேயே ஒரு வீட்டில் தங்கியிருந்த சுகிர்தா காலையில் சைக்கிளை எடுத்தபோது கோயிலின் அத்திவாரம் கறகறத்தது. அவள் பெடலில் காலை வைத்தாள், மண் வெடித்தது. காலை எடுத்தாள், அடங்கியது. ஓர்வாலின் ஏழு பேரும் வெளியே வந்து நின்றார்கள். இன்னொரு தரம் இறங்கினால் அது திரும்பி ஏறாது என்று எல்லோருக்கும் தெரியும். அவள் போகாவிட்டால் கீழே பதினொரு பேர் குளிக்காமல், குளிசை போடாமல், சூப் குடிக்காமல் கிடப்பார்கள் என்றும் தெரியும்.

"நீங்கள் போங்கோ" என்றார் எமில்.

"எப்பிடிப் போறது? வரப்போகுதே."

"போங்கோ எண்டுறன்."

சொல்லிவிட்டுத் திரும்பி, பொல்லை வாசலில் சாத்தி வைத்து, தொப்பியைக் கழற்றி, உள்ளே போனார். அவள் நேராக்கி வைத்த கதிரைகளில் முன்வரிசையில் ஒன்றை இழுத்து உட்கார்ந்தார். கதவினூடாக அவருடைய நரைத்த பிடரி மட்டும் தெரிந்தது. சுகிர்தா பெடலில் காலை வைத்தாள். மண் அசையவில்லை. முதல் வளைவுவரை, இரண்டாம் வளைவுவரை, மூச்சைப் பிடித்துக்கொண்டு போனாள். பின்னால் ஒன்றும் வரவில்லை. இறக்கத்துக் காற்று மட்டும் காதில் அடித்தது, அவளுக்குச் சந்தோசமும் ஏதோ ஒன்றை விட்டுவிட்டு வந்ததுபோலவும் இருந்தது.

உள்ளே ஒருவர் இருந்தால் அது எழும்பாது: இவ்வளவுதான் விசயம். உடனே முறை வைத்தார்கள். திங்கள் காலை ஒருத்தி பட்டாணி உடைத்துக்கொண்டு இருந்தாள், பின்னேரம் ஒருவர் வானொலி கேட்டுக்கொண்டு. செவ்வாயில் மேயர் வந்து தன் கணக்கில்லாத கடிதங்களை எழுதினாள். பெர்னூவிலிருந்தும் ஆட்கள் ஏறிவந்தார்கள். பேசிப்பழகாத இருவர் ஒரே நேரத்துக்கு வந்து, அதற்குப் பிறகு ஒன்றாகவே வந்தார்கள். எமில் ஒவ்வொரு காலையும் முதலாவதாக வந்தார். குளிர்காலத்தில் கொத்தனார் கல்லையெல்லாம் திரும்ப ஏற்றினார். சாய்ந்த கோபுரத்தை மட்டும், அதற்கு அப்படித்தான் வசதி போலும் என்று விட்டுவிட்டார்.

சுகிர்தா பாரிஸ் போய்ப் பேத்தியைப் பார்த்து, பத்து நாள் குளிக்கவார்த்துவிட்டுத் திரும்பிவந்தாள். வந்து, கோயிலுக்கு எதிரேயிருந்த, முப்பது வருடமாய் யாரும் இல்லாத பழைய பாதிரியார் வீட்டுக்குக் குடிபோனாள். "அம்மா, அங்க பனி கனக்க" என்றான் ஆரூரன். "ஓம் தம்பி, கனக்கத்தான்" என்றாள்.

மே மாதத்தில் ஒருநாள், கோயில் கதவில் எமில் ஒட்டியிருந்த முறைப் பட்டியலைப் பார்த்துக்கொண்டு நின்றவள் கேட்டாள்:

"ஞாயிறுக்கு ஒருத்தற்ற பேரும் இல்லையே. என்ர பேரைப் போடட்டோ?"

"வேண்டாம்" என்றார் எமில். "ஞாயிறுக்கு எல்லாருக்கும் அலுவல் இருக்கு. எனக்கும் இருக்கு."

ஓர்வாலிலிருந்து அடுத்த குன்றுவரை ஒரு ரோடு, மலையின் முதுகெலும்பு மாதிரி, ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல் ஆறு கிலோமீற்றர் போகிறது. மேயரிடம் கேட்டுவிட்டார்களாம். கொத்தனாரிடமும் கேட்டுவிட்டார்களாம். சமதரையில் ஆறு கிலோமீற்றர் அதன் உடம்புக்கு நல்லதென்றே கொத்தனார் சொன்னாராம். அந்த ஞாயிறு காலை எமில் கொட்டிலிலிருந்து மனைவியின் பச்சைச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். ரயருக்குக் காற்றடித்திருந்தார், கூடையில் பாணும் சீஸும் வைத்திருந்தார். நாற்பது வருடமாய்ச் சைக்கிள் ஏறாதவர். இரண்டு தரம் விழப்பார்த்து, மூன்றாம் தரம் ஏறிவிட்டார். கோயிலின் கதவை அவர் பூட்டவில்லை. உள்ளே ஒருவரும் இல்லை.

சுகிர்தா முன்னால் உழக்கினாள். இருபக்கமும் கடுகுப் பூ மஞ்சளாய்ச் சரிந்து இறங்கியது. பக்கத்தில் எமிலின் மூச்சு இளைத்தது, பின்னால் கல் முனகியது.

"நில்லுங்கோ, நில்லுங்கோ" என்றார் எமில். "உங்கட பாஷையில, அவசரப்படாதை, மெல்லமாய் வா எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"ஆறுதலா எண்டு சொல்லுவம். ஆறுதலா வாங்கோ."

"ஆ-று-த-லா." நாக்கில் வைத்துப் பார்த்தார். "நல்ல சொல்லு."

"செத்தவீட்டுக்குப் போய் ஆக்களுக்குப் பக்கத்தில இருக்கிறதுக்கும் அந்தச் சொல்லுத்தான்" என்றாள் சுகிர்தா. "ஆறுதல் எண்டு."

"ரெண்டுக்கும் ஒரே சொல்லோ?"

"ஒரே சொல்லுத்தான்."

எமில் கொஞ்ச தூரம் உழக்கினார். பிறகு ஹாண்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தலையை மட்டும் பின்னால் திருப்பி, தனக்குப் பின்னால் ரோட்டை அடைத்துக்கொண்டு வந்த கோயிலைப் பார்த்து, உரத்துச் சொன்னார்:

"ஆறுதலா."